மகன் ஊதாத நேரத்தையும் பாருங்கள்

கேள்வி: எனக்கு 56 வயது. ராயபுரத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். மகன் அவரிடம்தான் பழகினான், இப்போது டிரம்பெட் வாசிக்கிறான். அடுத்த மாதம் எங்கள் பக்கத்து மாதா கோயிலில் நண்பர்களோடு ஜாஸ் கச்சேரி. இரண்டு மாதா பாட்டை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்களாம். “பழகாம கொள்ளாம கோயில்ல போய் ஊதுறதா? நான் வரல” என்கிறார் இவர். எனக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளை மனசு சங்கடப்படுமே. போகட்டுமா, வேண்டாமா?

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோயிலுக்குள் எந்தக் கச்சேரி நடக்கலாம் என்று வத்திக்கானே 1987 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இசை பக்தியிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். வாசிப்பவர்கள் பீடத்தின் பகுதியில் இடம்பிடிக்கக் கூடாது. நற்கருணையை முடிந்தவரை வேறு சிற்றாலயத்துக்கோ பாதுகாப்பான இடத்துக்கோ மாற்றிவிட வேண்டும். யாரிடமும் நுழைவுக்கட்டணம் வாங்கக் கூடாது. உங்கள் பிள்ளைகள் எடுத்திருப்பதோ மாதா பாட்டு. இதையெல்லாம் பங்குத்தந்தையிடம் பேசியாயிற்றா என்று மகனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் அதை அப்படியே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பாதி மனசு ஆறும்.

“பழகாம” என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கத்தான் அதிகப் பழக்கம் வேண்டும். பாட்டுக்கு இத்தனை தாளக்கட்டு என்று கணக்கு உண்டு. அடியில் பியானோவும், கனத்த கீழ்க்குரலில் ஒலிக்கும் பேஸ் வாத்தியமும் அந்தக் கணக்கை ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். மேலே ஒருவர் மாற்றி ஒருவர் தன் கற்பனையை விரிப்பார்கள். எண்ணிக்கை தவறினால் உடனே தெரிந்துவிடும். நம் கர்நாடகக் கச்சேரிகளில் தாளத்துக்குள் அந்த நேரத்தில் தோன்றும் ஸ்வரங்களைக் கோத்துக் கல்பனாஸ்வரம் பாடுகிறார்களே, அதற்கு நெருங்கிய உறவு இது. 1958-ல் அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக் மெட்ராஸ் வந்தபோது, மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்திருக்கிறார்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மாதா தேர் தெருமுனையில் நின்றுவிட்டால் அந்தக் காலத்தில் என்ன செய்வீர்கள் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். தேர் நகரும்வரை அதே பாட்டை இழுக்க வேண்டும், அலுக்கவும் கூடாது. ஒரு சுற்றில் கிளாரினெட் மேலே ஏறும், அடுத்த சுற்றில் டிரம்பெட்டுக்கு விட்டுக்கொடுக்கும். எழுதி வைத்தா வாசித்தார்கள்? ஜாஸ் பிறந்த அமெரிக்க ஊரான நியூ ஆர்லியன்ஸிலும் முதலில் தெருவில் நடந்தவை பேண்டு செட்டுகள்தாம். அங்கே கறுப்பின மக்களின் சாவு ஊர்வலத்தில் கல்லறைவரை ஞானப்பாட்டை நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது தாளம் துள்ளும். காசிமேடு கல்லறைக்கு எத்தனையோ முறை வாசித்துக்கொண்டே நடந்திருப்பார் அவர். அவருக்குத் தெரியாத ஊர் வழக்கமா இது?

இனி உங்கள் பயம். நான் முதன்முதலாக ஒரு சர்ச்சில் ஜாஸ் கேட்டபோது இருபது நிமிஷம் ஒன்றுமே பிடிபடவில்லை. பாட்டைத் தேடிக்கொண்டே இருந்தேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டு டிரம்பெட்காரரையே பார்க்க ஆரம்பித்தேன். அப்போது அவர் முறை இல்லை, பேஸ்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். இவர் டிரம்பெட்டைத் தாழ்த்தி, குழாயில் தேங்கிய தண்ணீரைக் கீழே ஒரு துணியில் வடித்தார். கண் மட்டும் பேஸ்காரரின் கையைவிட்டு நகரவில்லை. மூன்று வால்வுகளின் மேல் விரல்கள் சத்தமில்லாமல் ஓடின. அந்தப் பக்கம் வாசிப்பதை இவர் விரல் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறது! தன் முறை வந்ததும், பேஸ்காரர் கடைசியாக விட்ட இடத்தின் சின்னத் துண்டைப் பிடித்துத்தான் ஊத ஆரம்பித்தார். எனக்குக் கதவு திறந்தது அங்கேதான். அதனால் மகன் ஊதும்போது பார்ப்பதைப் போலவே, ஊதாமல் நிற்கும்போதும் அவனைப் பாருங்கள். அடுத்தவனை அவன் எப்படிக் கேட்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரியும். தாய்க்கு அது புரியாமல் போகாது.

கல் சுவரும் உயரக் கூரையும் உள்ள கோயிலில் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். பின்னால் உட்கார்ந்தால் டிரம்ஸும் டிரம்பெட்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். சீக்கிரமே போய், அவன் கை தெரிகிற மாதிரி முன்பக்க பெஞ்சாகப் பிடியுங்கள். ஜாஸ் கச்சேரிகளில் ஒருவர் தன் முறையை முடித்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டுவார்கள். கோயில் என்பதால் சிலர் தயங்கலாம், மற்றவர்களைப் பார்த்துச் செய்யுங்கள். ஜெபம் சொல்லத் தோன்றினால் அதுவும் தப்பில்லை.

இன்னொன்று. கச்சேரிக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அந்த இரண்டு மாதா பாட்டையும் எந்தச் சங்கதியும் போடாமல் உள்ளது உள்ளபடி வீட்டில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மெட்டு மனசில் இருந்தால், அவன் எங்கே விலகிப் போகிறான், எங்கே திரும்பி வருகிறான் என்று அன்றைக்கு உங்களால் தொடர முடியும். உங்கள் வீட்டுக்காரர் அடுத்த அறையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.