முன்வினை என்று சொல்ல யாருக்கு உரிமை?

அன்புள்ள ஐயா,

அம்மா கணையப் புற்றுநோயால் இறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கடைசி வாரங்களில் அவர் வலியில் துடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். காரியத்தன்று உறவினர் ஒருவர், "எல்லாம் முன்வினை, அனுபவித்துத் தீர்த்துவிட்டாள்" என்றார். அப்பா சிவபக்தர். அவர் அழவே இல்லை. காலையும் மாலையும் தேவாரம் பாடிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பக்தி மனிதர்களைக் கல்லாக்கிவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த உறவினர் சொன்னது கொடுமை. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நோயில் கிடப்பவர் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள 'இது என் வினை' என்று தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். எத்தனையோ பேருக்கு அது பெரும் பலம். அதையே பக்கத்தில் நிற்பவர் சொன்னால் தீர்ப்பாகிவிடுகிறது.

உங்கள் அப்பா பாடும் தேவாரத்தையே பார்ப்போம். ஏழாம் நூற்றாண்டில் சமண மடத்தில் தருமசேனராக இருந்த அப்பர், சூலை நோயின் வயிற்றுவலி தாங்காமல் தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார். அங்கே பாடியதுதான் நான்காம் திருமுறையின் முதல் பதிகம், 'கூற்றாயினவாறு விலக்ககலீர்'. எமனைப் போல வந்திருக்கும் இந்த நோயை ஏன் விலக்காமல் இருக்கிறீர் என்று இறைவனையே கேட்கிறார். அடுத்து வருவது, 'கொடுமைபல செய்தன நானறியேன்'. முற்பிறவியில் செய்தவை என்று பொருள் கொண்டாலும், 'நானறியேன்' என்பது அப்படியே நிற்கிறது. தன் வினைக்கணக்கு தனக்கே தெரியாது என்கிறார் அப்பர். உங்கள் அம்மாவின் கணக்கு இன்னொருவருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பாட்டிலேயே, குடலோடு சுருட்டி முடக்கிப்போடுகிறது, 'ஆற்றேன்' என்று கதறுகிறார். 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று பிற்பாடு பாடியவரும் இவரே. நாம் மேடைதோறும் பின்னதை முழங்குகிறோம், கதறலை மறந்துவிடுகிறோம். அதனால்தான் பக்தன் அழக்கூடாது என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது. எல்லாவற்றையும் துறந்த பட்டினத்தார் தாயின் சிதை முன்னால் 'அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு' என்று உடைந்துபோனார். துறவு அவர் கண்ணீரை நிறுத்தவில்லை.

நம்பிக்கை ஒருவர் மரணத்தைப் பார்க்கும் விதத்தை மாற்றாது என்று நான் சொல்லவில்லை. ரமணர் 1896இல் மதுரையில், பதினாறு வயதில், மரண பயத்தை நேருக்கு நேர் விசாரித்தவர். இடக்கையில் புற்றுக்கட்டி வந்து, 1949இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14 இரவு உடலை விட்டார். தான் எங்கும் போய்விடப் போவதில்லை என்று அடியார்களைத் தேற்றினார், அவர்கள் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். அந்தத் தெளிவு அவர் உள்ளே விளைந்தது. கேட்ட மாத்திரத்தில் இன்னொருவருக்கு வந்துவிடுவதில்லை.

உங்கள் அப்பாவைக் கல் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தனை ஆண்டுகள் கூட வாழ்ந்தவரை இழந்த மனிதர், தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் தினமும் இரண்டு வேளை பேசிக்கொண்டிருக்கிறார். அதுவே அவர் அழுகையாக இருக்கலாம். நீங்கள் அழுவதும் கோபப்படுவதும் அதற்குக் குறைந்தது இல்லை. துக்கத்தைக் கடக்க நீங்கள் பக்தராக மாறியாக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நாளை அவர் பாடி முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா படுக்கையில் இருந்தபோது எந்தப் பதிகத்தைப் பாடினீர்கள் என்று கேளுங்கள். உறவினர் சொன்னது உங்களை எப்படி வதைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இந்த வீட்டில் இனி அப்படிப் பேச வேண்டாம் என்று அந்த உறவினரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அப்பா சொன்னால் இன்னும் நல்லது.