ஆசிரியர் சம்பளம், நாடு நாடாக: கேள்வி பதில்

(கல்வி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல் போட்டு ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

கேள்வி: ஆசிரியருக்கு மிக அதிகச் சம்பளம் தரும் நாடு எது?

பதில்: ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பின் ஆண்டு ஒப்பீட்டில் பல காலமாக லக்சம்பர்க் முன்னணியில் இருக்கிறது. ஜெர்மனியும் மேலேதான். ஆனால் அந்த ஒப்பீட்டில் வரும் டாலர் தொகையை இன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கிவிட்டு வாய் பிளக்காதீர்கள். அது அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த கணக்கு.

கேள்வி: தென் கொரியாவில் ஆசிரியர்களுக்கு ராஜ வாழ்க்கையாமே?

பதில்: எந்த வயதில் என்று கேளுங்கள். அங்கே ஊதிய ஏணியின் கடைசிப் படிக்கு 37 ஆண்டுகள் ஏற வேண்டும். 25 வயதில் சேர்ந்தவர் 62-ல் உச்சத்தைத் தொடுவார். ஓய்வு வயதும் 62! தொடக்கச் சம்பளமோ ஓஇசிடி சராசரிக்கும் கீழே. ஒரு நாட்டின் உச்சத்தை இன்னொரு நாட்டின் தொடக்கத்தோடு ஒப்பிடுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் கோடை முழுவதும் சும்மா சம்பளமா?

பதில்: என் மகள் அங்கே ஆசிரியை. ஜூலைச் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒப்பந்தம் பத்து மாத வேலைக்கு. அந்தத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தருகிறார்கள். அவ்வளவுதான்.

கேள்வி: எந்த நாட்டில் சம்பளம் அதிகம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: துபாய் பள்ளி வேலைக்கு விசா எப்படி?

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: வெளிநாடு இருக்கட்டும். கேந்திரிய வித்யாலயா தொடக்கநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 35,400. தமிழ்நாட்டில் அதே தொடக்க வகுப்புகளை நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு 20,600. ஏன்?

பதில்: இதற்குத்தான் காத்திருந்தேன். ஆறாவது ஊதியக் குழுவில் மத்திய அரசு அவர்களை 9,300-ல் தொடங்கும் ஊதியக் கட்டில், அதற்கு மேல் 4,200 தர ஊதியத்தோடு வைத்தது. மாநிலம் நம்மவர்களை 5,200 கட்டில் 2,800-உடன் நிறுத்தியது. ஏழாவது குழுவில் இரண்டும் சேர்ந்த 8,000-ஐ 2.57-ஆல் பெருக்கினார்கள், 20,560 வந்தது; அது 20,600 ஆக நிர்ணயமானது.

கேள்வி (வேறொருவர்): கேந்திரிய வித்யாலயாக்காரரை நாடு முழுவதும் தூக்கியடிப்பார்கள் ஐயா. கூடுதல் சம்பளம் நியாயம்தானே?

பதில்: சரி, அவரை விடுங்கள். ஆறாவது குழுக் கணக்கில், 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்று அடிப்படை 8,370. ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே மாநிலம், அடுத்தடுத்த வகுப்பறை. இவர்களில் யாரை எங்கே தூக்கியடித்தார்கள்? இரண்டு பெயர்களையும் ஒரே பட்டியலில், அடுத்தடுத்த வரியில், இந்தக் கையால் எழுதியிருக்கிறேன். அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் சதவீதம் என்பதால், ஒவ்வொரு உயர்விலும் அந்த 3,170 ரூபாய்ப் பள்ளம் இன்னும் ஆழமானது.

கேள்வி (அதே நபர்): பிந்தியவர் தெரிந்துதானே சேர்ந்தார்?

பதில்: வேலை கிடைக்காதவன் ஆணையில் தொகையையா பார்ப்பான்?

கேள்வி: எந்த நாட்டுக்குப் போனால் நல்ல சம்பளம்?

பதில்: மூன்றாவது முறை. லக்சம்பர்க். பிரெஞ்சு, ஜெர்மன், லக்சம்பர்க்கிஷ் மூன்றையும் கற்றுக்கொண்டு புறப்படுங்கள்.