43 வயதில் சித்திரம் படிக்க வெளிநாடு போகலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. அரச திணைக்களம் ஒன்றில் 19 வருடமாகப் படவரைஞராக இருக்கிறேன், காணிப் படம் வரைவதுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு நல்ல கை என்றார்கள், வீட்டில் படிக்க விடவில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் முறையாக ஓவியம் படிக்க ஆசை. ஜேர்மனியில் இருக்கும் அண்ணா "இங்கே படிப்பு இலவசம், வா" என்கிறார். கணவருக்குச் சம்மதம். மகள் அடுத்த வருடம் உயர்தரம் எடுக்கிறாள். சொந்தக்காரர்தான் "இந்த வயதிலையோ?" என்கிறார்கள். காட்டுவதற்கு என்னிடம் இருப்பதும் பார்த்துக் கீறிய நாலைந்து சாமிப் படங்கள்தான். என்ன செய்யட்டும்?
வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, முதலில் வேலையை விடாதீர்கள், லீவு கேளுங்கள். அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம், பணிமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று 2022-இல் சுற்றறிக்கை வந்தது. இன்றைக்கு அதில் எது நடைமுறையில் இருக்கிறது என்று உங்கள் நிர்வாகப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். 19 வருடத்து உரித்தை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு எந்தக் கல்லூரியும் பெரிதில்லை.

அண்ணா சொல்வது பெரும்பாலும் சரி. டுசெல்டோர்ஃப் மாதிரி இடங்களின் அரச கலைக் கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கிற மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்றவர்களிடம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் படிப்பு இலவசம் என்றால் வாழ்க்கையும் இலவசம் இல்லை. விசாவுக்கு ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் அளவாகத்தான் எடுக்கலாம்) போட்டுக் காட்டவேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. இல்லாவிட்டால் உங்கள் செலவை ஏற்பதாக அண்ணா அங்கே உறுதிப்பத்திரம் கொடுக்கலாம். இன்னொன்று, மாணவருக்கான மலிவான மருத்துவக் காப்புறுதி அங்கே 30 வயதோடு நின்றுவிடும், உங்களுக்குத் தனியார் காப்புறுதிதான். கணக்குப் போடும்போது அதையும் எழுதுங்கள். லண்டன் பக்கம் மனம் போனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2024 ஜனவரியிலிருந்து அங்கே சாதாரண எம்.ஏ. படிக்கப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

சரி, காசுக் கதை போதும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது காட்டுவதற்கு "நாலைந்து சாமிப் படங்கள்தான்" என்ற அந்த வரிதான்.

நான் 38 வயதில் ஆசிரியர் வேலையிலிருந்து அச்சுக்கலை படிக்கப் போனவள். நேர்முகத்துக்குப் பன்னிரண்டு படங்களைச் சட்டம் போட்ட மாதிரி வடிவாகக் கொண்டுபோனேன், எல்லாம் புகைப்படம் பார்த்துக் கீறியவை. அவர்கள் விறுவிறென்று புரட்டினார்கள். பிறகு "வேறு ஏதாவது?" என்று கேட்டபோது, பைக்குள் கிடந்த கொப்பியைக் கொஞ்சம் கூச்சத்தோடு நீட்டினேன். அம்மா தேங்காய் துருவுகிற கையை ஒரே பக்கத்தில் ஆறு தரம் வரைந்திருந்தேன், ஐந்தில் பெருவிரல் பிழை. அந்தப் பக்கத்தில்தான் நின்றார்கள், அதைப் பற்றித்தான் இருபது நிமிடம் கதைத்தார்கள். பார்க்கிறாளா, பிழைத்தால் திரும்பப் பார்க்கிறாளா என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். ஜேர்மனியில் "மாப்பே" என்று சொல்கிற படத்தொகுப்பையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பரீட்சைப் புள்ளியைவிட அதற்குத்தான் அங்கே மதிப்பு.

உங்களிடம் 19 வருடத்துக் கோடு இருக்கிறது. ட்ரேசிங் தாளில் ரொட்ரிங் பேனை நடுங்காமல் போகிற அந்தக் கை 19 வயதுப் பிள்ளையிடம் இருக்காது. பரப்பு, குழி, எல்லைக் கதியால், பொதுக் கிணறு, வழிவாய்க்கால் எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். வலிகாமம் வடக்கில் 1990-இல் யுத்தத்தால் எழும்பிப் போனவர்கள் திரும்பி வந்து, வேலியும் இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டது, எது தங்கள் காணி என்று தேடி நின்றதை உங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறச் சொன்னார். அதனோடு அதே வீட்டின் கட்டடப் படத்தையும் தன் சித்திரத்தையும் சேர்த்து 2011-இல் ஒரு நூலாக்கினார். எப்படியாவது அதைத் தேடிப் பாருங்கள். அதே மாதிரிச் செய்யச் சொல்லவில்லை, நீங்கள் வெறும் தொழில் என்று நினைக்கிற வரைபடம் எவ்வளவு தூரம் போகும் என்று விளங்கும்.

ஆகவே இப்போதே வெளிக்கிட வேண்டாம். மகளின் பரீட்சை முடியும்வரை ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் ஜேர்மன் மொழி படியுங்கள், அது இல்லாமல் அங்கே கஷ்டம். சனி, ஞாயிறுகளில் ஒரு கொப்பியோடு குருநகர்க் கரைக்கோ உங்கள் ஒழுங்கை முடக்குக்கோ போய் உட்காருங்கள், வலை பின்னுகிற கையோ சாய்ந்த வேலியோ எதுவானாலும் நேரில் பார்த்து வரையுங்கள், பிழைத்த பக்கத்தைக் கிழிக்காதீர்கள். அண்ணாவிடம் சொல்லி அந்தந்தக் கழகம் எத்தனை படம், என்ன அளவில், எந்தத் திகதிக்குள் கேட்கிறது என்று இப்போதே எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிக் கேட்கும்.

சாமிப் படங்களை மட்டும் மாப்பேக்குள் வைக்காதீர்கள், அவை வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும். முதல் கொப்பி முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.