பூட்டிய வார்டில் உளவியலாளர் வேலை: மகளை விடலாமா?

மகள் ஏ.எல். உயிரியல் பிரிவில் படிக்கிறா. மெடிசின் கிடைக்காவிட்டால் உளவியல் படித்து, குற்றம் செய்த மனநோயாளிகளை வைத்திருக்கும் பூட்டிய வார்டில் வேலை செய்யப் போவதாகச் சொல்கிறா. "பொம்பிளைப் பிள்ளை தனிய உதுக்குள்ள போறதோ?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நியாயமான பயம்தான். முதலில் அந்தத் 'தனிய' என்பதைப் பார்ப்போம்.

இப்படிக் குற்றம் செய்த மனநோயாளிகளை வைத்திருக்கும் பிரிவை 'ஃபொரென்சிக்' பிரிவு என்பார்கள். ஒழுங்காக நடக்கும் ஃபொரென்சிக் பிரிவில் யாரும் தனியாக விடப்படுவதில்லை. இங்கிலாந்தில் இப்படியான வார்டுகளின் வாசலில் இரண்டு கதவுகள் இருக்கும். ஒன்று பூட்டினால்தான் மற்றது திறக்கும். திறப்புக் கோர்வை இடுப்புப் பட்டியோடு சங்கிலியில் கிடக்கும், கூடவே ஒரு அவசர அலாரமும். சாப்பாட்டுக் கரண்டிகளை எண்ணிக் கொடுத்து எண்ணித்தான் வாங்குவார்கள். கழுத்துச் சங்கிலி, தொங்கும் தோடு, துப்பட்டா எல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நோயாளியோடு கதைக்கும் அறையில் கதவுக்குக் கிட்ட இருக்கும் கதிரை உளவியலாளருடையது. எந்த அறையில், யாரோடு, எத்தனை மணி வரை என்பதை வார்டுத் தாதியிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அசம்பாவிதம் பெரும்பாலும் இந்த ஒழுங்கில் ஒன்றை விடும்போதுதான் நடக்கிறது: காலையில் தாதியர் பொறுப்பு மாற்றும்போது சொன்னதைக் கேட்காமல் போவது, முதல்நாள் இரவு அந்த ஆள் நித்திரை கொள்ளவில்லை, மருந்து எடுக்கவில்லை என்பது தெரியாமல் எதிரே போய் இருப்பது.

எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது வேறொன்று. யாழ்ப்பாணத்தில் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி "எந்த ஊர்? ஆற்ற பிள்ளை?" என்பதுதான். நோயாளியும் அதையே கேட்பார். அதற்குப் பதில் சொல்லாமல், மரியாதையும் குறையாமல் கதையைத் திருப்பத் தெரிய வேண்டும். நோயாளியோ, பாதிக்கப்பட்ட குடும்பமோ தெரிந்த ஆட்களாக இருந்தால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லி அந்த வழக்கிலிருந்து விலக வேண்டும். சிறிய ஊரில் இது அடிக்கடி வரும். சின்ன உதவி ஒன்றை, ஒரு போன் அழைப்பை, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று கேட்கும்போது மறுக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்த வேலை ஆபத்து. அடிதடியை விட இதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் யார்? இலங்கையில் பெரும்பாலும் மூன்று வகை. வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்று பார்க்க நீதிமன்றம் அனுப்புபவர். தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவின்படி, செய்தது என்னவென்றோ அது பிழையென்றோ அறிய முடியாத மனநிலையில் செய்தார் என்று தீர்க்கப்பட்டவர். சிறையில் இருக்கும்போது நோய் வந்தவர். நீதிமன்றத்துக்கு மருத்துவ அபிப்பிராயம் கொடுப்பது உளமருத்துவ நிபுணர். உளவியலாளர் மதிப்பீடும் சிகிச்சையும் செய்து அதற்குத் துணை நிற்பவர். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

வேலையின் பெரும்பகுதி வாசிப்பதும் எழுதுவதும். நோயாளி மறுபடி வன்முறையில் இறங்கும் ஆபத்தை மதிப்பிட உலகெங்கும் பாவிக்கும் கருவிகளில் ஒன்று எச்.சி.ஆர்-20. அதில் கடந்தகாலம் பற்றி 10, இப்போதைய நிலை பற்றி 5, இனி வரப்போவது பற்றி 5 என 20 விடயங்கள். புதியவர்கள் செய்யும் பிழை, இதைப் பரீட்சை மாதிரிப் புள்ளி கூட்டிப் பார்ப்பது. கூட்டுத்தொகை அங்கே முடிவல்ல. எந்தச் சூழலில், யார்மேல், எதனால் மறுபடி நடக்கலாம், அதை எப்படித் தடுப்பது என்று எழுத வேண்டும். மருந்தை விடுவது, கஞ்சா, குடி, ஏற்க மறுக்கும் குடும்பம் என்று அந்தக் காரணங்கள் ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கும்.

தமிழ் தெரிந்தவரின் பெறுமதி இங்கேதான். "பக்கத்து வீட்டார் செய்வினை செய்திட்டினம்" என்று ஒருவர் சொன்னால், அது நோயா, ஊர் நம்பிக்கையா? வீட்டில் மற்றவர்களும் அப்படி நம்புகிறார்களா, எப்போது தொடங்கியது, அதை வைத்து அவர் என்ன செய்தார் என்று கேட்டுத்தான் பிரிக்க முடியும். மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கி ஒரு வரியில் சொன்னால் அவ்வளவும் போய்விடும். நுண்ணறிவுச் சோதனையும் அப்படித்தான்: ஆங்கிலம் பேசும் மக்களை வைத்து அமைத்த அளவை தமிழில் கேட்டுவிட்டு, வந்த எண்ணை அப்படியே நீதிமன்றத்துக்கு எழுதக்கூடாது.

இனிப் பாதை. நான்கு வருட உளவியல் சிறப்புப் பட்டம், பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் எம்.ஃபில். பட்டம், அதன்பின் இலங்கை மருத்துவ சபைப் பதிவு. ஃபொரென்சிக் அனுபவத்துக்கு முக்கியமான இடம் அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகம். அரச பதவிகள் குறைவு. இதை மகளிடம் மறைக்க வேண்டாம். உளவளத்துணை டிப்ளோமா நல்ல படிப்புத்தான், ஆனால் அது மருத்துவ உளவியலாளராக்காது. ஆறு மாத 'ஃபொரென்சிக் சைக்கோலஜி' ஒன்லைன் சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டாம். முதலில் மருத்துவ உளவியலில் கால் ஊன்றட்டும், ஃபொரென்சிக் பிறகு.

லண்டனில் சித்தப்பா இருக்கிறார், அங்கே அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே பட்டம் பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதாகவும், குறைந்தது இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுச் சித்தியாகவும் இருக்க வேண்டும். கொழும்பில் நடத்தப்படும் பிரித்தானியப் பட்டத்துக்கு அந்த அங்கீகாரம் தானாக வராது. காசு கட்டமுன் எழுத்தில் கேளுங்கள். 'ஃபொரென்சிக் சைக்கோலஜிஸ்ட்' என்ற பெயரை அங்கே சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதியும் சபையான எச்.சி.பி.சி.யில் பதிந்தவர் மட்டுமே போடலாம். இந்த விதி 2009 முதல் இருக்கிறது. முதுமாணிக்குப் பின்னும் குறைந்தது இரண்டு வருட மேற்பார்வைப் பயிற்சி உண்டு. பிரோட்மூர், ராம்ப்டன், அஷ்வேர்த் என்ற பெயர்களை மகள் கேட்டிருப்பா. அவை உயர் பாதுகாப்பு மருத்துவமனைகள். நடுத்தர, குறைந்த பாதுகாப்புப் பிரிவுகள் அவற்றைவிட எண்ணிக்கையில் அதிகம், தொடக்க வேலையை அங்கே தேடுவது நல்லது.

ஏ.எல். முடிந்து முடிவு வரும்வரை உள்ள மாதங்களை வீணாக்காதீர்கள். சிங்கள வகுப்புக்கு அனுப்புங்கள். சிங்களம் இல்லாமல் அங்கொடையில் பயிற்சி எடுப்பது கஷ்டம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை உளநலப் பிரிவிலோ, யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்யும் சாந்திகம் நிறுவனத்திலோ தன்னார்வமாக உதவ இடமுண்டா என்று மகளே நேரில் போய்க் கேட்கட்டும். நாட்பட்ட நோயாளி ஒருவர் ஒரே கதையைப் பத்தாம் தரம் சொல்லும்போதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் உங்களிடம் அவருடைய பெயரைக்கூடச் சொல்லாமல் இருக்கிறாவா என்று பாருங்கள். நீங்களும் கேட்க வேண்டாம்.