தோட்டச் சாலையில் விபத்து நடந்தால் என்ன செய்வது? புதிதாகக் கார் ஓட்டுபவருக்கு என் பதில்

பி (P) லைசென்ஸ், அதாவது புது ஓட்டுநருக்கான சோதனைக் கால லைசென்ஸ், எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது, நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து செம்பனைத் தோட்டச் சாலை வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறேன், விபத்து ஏதும் நடந்தால் என்ன செய்வது, இப்போதே எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதே வட்டாரத்தில் 19 வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் நிற்கும் இடத்தை இன்னொருவருக்குச் சொல்லத் தெரிய வேண்டும். ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், எனக்கு அது தெரியாமல் போன நாள் ஒன்று உண்டு.

ஆறு வருடம் இருக்கும். மாலைப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைக் காலியாக ஓட்டி வந்துகொண்டிருந்தேன். மணி ஏழரை, நல்ல மழை. செம்மண் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறிய ஒரு மோட்டார் சைக்கிள், செம்பனைக் குலை ஏற்றும் லோரி திரும்பும் முனையில் கொட்டிக் கிடந்த உதிரிப்பழத்தில் சறுக்கி என் முன்னால் விழுந்தது. லோரிச் சக்கரம் ஏறி நசுங்கிய செம்பனைப் பழமும் மழைத்தண்ணீரும் சேர்ந்தால் சாலை எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் போட்டேன். அந்த மழைக்கு நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்திருந்தேன். வேனின் இடது முனை மோட்டாரின் பின்சக்கரத்தில் இடித்தது. பையனுக்கு இருபது வயது இருக்கும். "அண்ணே, கால் மரத்துப் போச்சுண்ணே" என்றான்.

999 அழைத்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்கள். தோட்டத்துக்குள்ளே, ரெண்டு பக்கமும் செம்பனை என்று சொன்னேன். எந்தத் தோட்டம், தோட்டத்தில் எந்த டிவிஷன் (பிரிவு), எந்த கேட் பக்கம்? தினமும் நாலு தடவை போகிற சாலை, வாயில் ஒன்றும் வரவில்லை. தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்திலிருந்து டார்ச் லைட்டோடு ஓடி வந்த ஒரு பழைய மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), "பிளாக் பலகையைப் படிங்க தம்பி" என்று மரத்தடியில் வெளிச்சம் அடித்தார். வெள்ளைப் பலகை, பாசி படிந்து கிடந்தது. பிளாக் எண்ணும் நடவு செய்த வருடமும் எழுதியிருந்தன. அவரே தோட்டத்துக் காவலாளியான ஜாகாவுக்கு போன் போட்டு கேட்டில் நிற்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் அந்த ஜாகாவின் மோட்டார் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

அதனால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் போகிற சாலையில் பகலில் ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், மெயின் கேட், கோயில், எத்தனையாவது கட்டை (மைல் கல்), கைப்பேசியில் லைன் கிடைக்காத பள்ளம் எது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். லைன் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்ப முடியாது. கூட்டரசு சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என்றால் ஓரத்துப் பலகையில் உள்ள எண்ணோடு, நீங்கள் வடக்கே போகிறீர்களா தெற்கேயா என்பதையும் சொல்ல வேண்டும்.

வண்டியில் என்ன வைத்திருக்க வேண்டும் என்றால், முக்கோணப் பலகை, நல்ல டார்ச், ஒளிரும் மேல்சட்டை, கையுறை, சுத்தமான துணி நாலைந்து. அவ்வளவு போதும். முக்கோணம் இல்லாதவர்கள் ஒரு செம்பனை மட்டையை இழுத்து வந்து சாலையில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் இருட்டில் மட்டை தெரியாது. அதன் மேலேயே மோட்டார் ஏறி விழும். முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும்.

சரி, விபத்து நடந்துவிட்டது. நில்லுங்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது: நிற்க வேண்டும், அடிபட்டவருக்கு உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். கூட்டம் கூடி அடித்துவிடுமோ என்ற பயத்தில்தான் பல பேர் ஓடிவிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் நான் பார்த்த வரையில், இறங்கிப் போய் அடிபட்டவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் மேல் யாரும் கை வைக்கவில்லை.

இன்ஜினை நிறுத்தி, ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு அடிபட்டவரிடம் போங்கள். மூச்சு இருக்கிறதா, ரத்தம் எங்கே போகிறது என்று பாருங்கள். ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். தீ, புகை மாதிரி ஆபத்து இல்லாதவரை ஆளை அசைக்க வேண்டாம். மூச்சுவிட முடிகிறது என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். நம் ஆட்கள் நல்ல மனதோடு செய்கிற இரண்டு தவறுகளை நீங்கள்தான் தடுக்க வேண்டும். ஒன்று, "தண்ணி குடுங்கப்பா" என்று வாயில் ஊற்றுவது. மயங்கும் நிலையில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும், ஆப்பரேஷன் தேவைப்பட்டால் அதற்கும் தடை. இரண்டாவது, கையைக் காலைப் பிடித்துத் தூக்கி யாருடைய ஹைலக்ஸ் வண்டியிலாவது போடுவது. முதுகெலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு தூக்கலிலேயே வாழ்நாள் முழுவதும் படுக்கையாகிவிடலாம். பெருந்தொற்றுக் காலத்தை விட்டுப் பார்த்தால், நம் நாட்டில் வருடத்துக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அதில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள். தோட்டத்துச் சனங்களுக்கு மோட்டார்தானே கால்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் இழுவை லோரி வந்து நிற்கும். யார் கூப்பிட்டார்கள் என்றே தெரியாது. எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணை இன்றே கைப்பேசியில் சேர்த்து வையுங்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, நம்பர் பிளேட், சாலையில் கிடக்கும் பழம், பிரேக் போட்ட கோடு. இரண்டு பேரும் பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், காப்புறுதி விவரம் மாற்றிக்கொள்ளுங்கள். யார் தப்பு என்று அங்கே வாதாட வேண்டாம்.

"போலீஸ் எதுக்கு, நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். அந்தப் பையன் விஷயத்தில் நான் செய்த சரியான காரியம் அன்று இரவே புகார் கொடுத்ததுதான். அவன் எட்டு மணி நைட் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் பாதுகாப்பு உண்டு. இது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. இடமும் நேரமும் எழுதிய போலீஸ் புகார் கையில் இருந்ததால் அவனுக்கு இழுபறி இல்லை. கால் எலும்பு கூடும் வரை, மருத்துவ விடுப்பில் இருந்த நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது. "அந்தக் காசுலதாங்கய்யா வாடகை கட்டுனோம்" என்று அவன் அம்மா பிறகு சொன்னார்.

புகார் மலாயில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வரி வரியாகப் படியுங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது புகார் கொடுக்கப் போனால் படித்துச் சொல்ல நீங்களும் கூடப் போங்கள். அப்புறம் காப்புறுதி. மோதிய இரண்டும் தனியார் கார்களாக இருந்து, தப்பு உங்களுடையது இல்லை என்றால், உங்கள் சொந்த நிறுவனத்திடமே பழுதுக்குப் பணம் கேட்கலாம். என்.சி.டி. கழிவு, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகாது. ஐந்து வருடம் சேர்த்தால் அது 55 விழுக்காடு, அவசரப்பட்டு இழந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து "இழப்பீடு வாங்கித் தர்றேன், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நிற்கும் தரகர்களையும் அண்டவிடாதீர்கள்.

நீங்கள் எந்தத் தோட்டத்து வழியாகப் போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். குலை லோரி எந்தெந்த முனையில் திரும்பும், இரவில் மாடு எங்கே சாலையில் படுத்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.