‘கவனக்குறைவு’ என்கிறது பள்ளி... பெற்றோர் எப்படிப் பேசுவது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. வாயால் கேட்டால் பாடத்தை மளமளவென்று சொல்கிறான். எழுதச் சொன்னால் திணறுகிறான். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு என்று மதிப்பீட்டு அறிக்கை வந்திருக்கிறது. பள்ளியிலோ, ‘கவனக்குறைவுதான், வீட்டில் நிறைய எழுத வையுங்கள்’ என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. அத்தனை பக்கங்களையும் படிக்க வகுப்பாசிரியருக்கு நேரம் கிடைப்பது அரிது. வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி மதிப்பீடு செய்த உளவியலாளரிடம் கேளுங்கள். பார்வை, செவித்திறன் பரிசோதனை முடிவுகளும் கையில் இருக்கட்டும்; பள்ளியில் நிச்சயம் கேட்பார்கள்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியும் சான்று. மழை எப்படிப் பெய்கிறது என்று மகனிடம் கேட்டு, அவன் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். கடல்நீர் ஆவியாவதில் தொடங்கி மேகம் குளிர்வது வரை கோவையாகச் சொல்வான். அதே கேள்விக்கு அவன் நோட்டில் எழுதியது இரண்டரை வரியாக, பாதியில் நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். ‘படிக்கவில்லை’ என்ற பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு, எழுத்தை அதற்குரிய ஒலியோடு இணைப்பதில்தான் சிக்கல். அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தப்பாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுத வைத்தால் கைதான் வலிக்கும். ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் முறையான பயிற்சியே பலன் தரும். அதை யார், வாரத்தில் எத்தனை முறை தருவார்கள் என்று கேளுங்கள்.

‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘சரி’ என்பார்கள், எதுவும் மாறாது. தேர்வில் கூடுதல் நேரம், வினாத்தாளை வாசித்துக் காட்ட ஒருவர், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட குறிப்பு, அறிவியலில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். என்னைக் கேட்டால், முன்னறிவிப்பின்றி அவனை எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லக் கூடாது என்பதையே முதலில் வைப்பேன். பள்ளிக்கு இதில் ஒரு செலவும் இல்லை. பிள்ளைக்கோ தினசரி அவமானம் நின்றுபோகும்.

‘மற்ற பிள்ளைகளுக்கு அநியாயமாகாதா?’ என்று பள்ளியில் கேட்கக்கூடும். கூடுதல் நேரம் யாருக்கும் விடையைச் சொல்லித் தருவதில்லை என்று பொறுமையாக விளக்குங்கள். ஐ.நா. பொதுச்சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, கல்வியில் ஒவ்வொருவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளை வலியுறுத்துகிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் தேர்வு வாரிய விதிகளையும் இப்போதே படித்து வையுங்கள். பொதுத்தேர்வு நெருங்கியபின் ஓடினால் தாமதமாகிவிடலாம்.

சந்திப்பு முடிந்த அன்றே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்: ‘இன்று பேசியபடி அடுத்த தேர்வு முதல் கூடுதல் நேரம் தருவதாகச் சொன்னீர்கள். ஆறு வாரம் கழித்து மீண்டும் சந்திக்க ஒப்புக்கொண்டீர்கள். மிக்க நன்றி.’ ஆசிரியர் மாறினாலும் இந்தக் கடிதம் கோப்பில் இருக்கும்.

இதே வகுப்பில் இன்னோர் ஆண்டு இருக்கட்டும் என்று பள்ளி சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்த ஆண்டில் கற்பிக்கும் முறையில் எதை மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம்.