அடையாளம் தெரியாத உடலுக்கு வம்சாவளி டிஎன்ஏ சோதனையால் பெயர் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் "40 சதவீதம் ஐரிஷ் பூர்வீகம்" என்று வருமே, அந்தக் கணக்கு பெரிதாக உதவாது. கைகொடுப்பது, தளத்தில் பதிவானவர்களில் டிஎன்ஏ ஒத்துப்போகும் உறவினர் பட்டியல்தான்.

அமெரிக்காவின் கோடிஸ் போன்ற தடயவியல் தரவுத்தளம் டிஎன்ஏவில் 20 இடங்களை மட்டும் முக்கியமாகப் பார்க்கும். அந்த ஆளோ நெருங்கிய ரத்த உறவோ ஏற்கெனவே பதிவாகியிருந்தால்தான் பலன். வம்சாவளி சோதனை லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிடுவதால் தூரத்துச் சொந்தமும் சிக்கும். இருவர் பகிரும் டிஎன்ஏவின் அளவைச் சென்டிமார்கன் என்ற அலகில் சொல்வார்கள்: அத்தை மகன் என்றால் சராசரியாகச் சுமார் 850, எள்ளுத்தாத்தா வழியில் மட்டும் சொந்தம் என்றால் சுமார் 70.

சரி, 70 வந்தாயிற்று, அப்புறம்? அந்த எள்ளுத்தாத்தாவின் வாரிசுகளைப் பிறப்பு, திருமணப் பதிவுகள், இரங்கல் செய்திகள் வழியாகக் கீழ்நோக்கித் தேட வேண்டும். அலுப்பூட்டும் வேலை. வேறொரு சொந்தத்தின் குடும்ப மரமும் இதுவும் ஒரு திருமணத்தில் சந்தித்தால் அதிர்ஷ்டம்: அத்தம்பதியின் பிள்ளைகளில் திடீரெனப் பதிவுகளிலிருந்து காணாமல் போனவர் யார் என்று பார்க்கலாம். ஆனாலும் அது துப்பு மட்டுமே. பெற்றோர் அல்லது உடன்பிறந்தவரின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்வார்கள்.

பிலடெல்பியாவில் 1957-ல் பெட்டியில் கிடந்த சிறுவனின் பெயர் இப்படித்தான் 2022-ல் வெளியானது.

பழைய எலும்பில் பாக்டீரியா டிஎன்ஏவே அதிகம் இருக்கும் என்பது ஒரு சிக்கல். ஜெட்மேட்ச், ஃபேமிலிட்ரீடிஎன்ஏ போன்ற சில தளங்களே இத்தகைய தேடலை அனுமதிக்கின்றன. அவற்றில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம் என்பதால் மற்றவர்களுக்குச் சொந்தம் கிடைப்பது கடினம்.